மரிம்பாவில் நான்கு மேலட் பிடியும் ஒற்றைக்கை ரோலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரக் கட்டைகளை அடித்து வாசிக்கும் மரிம்பாவை இரண்டு மேலட்டுகளைக் (தலை கொண்ட அடிகோல்களைக்) கொண்டு ஓரளவு வாசிக்கப் பழகி, அடுத்து கைக்கு இரண்டாக நான்கு மேலட்டுகளைப் பிடிக்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. மேலட்டுகளை இடமிருந்து வலமாக 1, 2, 3, 4 என்று எண்ணியுள்ளேன். அதன்படி 1, 4 ஆகியவை வெளி மேலட்டுகள். 2, 3 ஆகியவை உள் மேலட்டுகள். சில பயிற்சி நூல்களில் இந்த வரிசை தலைகீழாக இருக்கும் என்பதால், வேறு நூலோடு சேர்த்துப் படிப்பவர்கள் இதை முதலில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒற்றைக்கை ரோல் என்றால் என்ன? அது எதற்காகத் தேவைப்படுகிறது?

மரிம்பாவின் கட்டையை அடித்ததும் எழும் ஒலி உடனே தேயத் தொடங்கிவிடும். கீழ் ஸ்தாயியில் அது சற்று நேரம் நின்று ஒலிக்கும். மேல் ஸ்தாயியிலோ அடித்த மாத்திரத்தில் அடங்கிவிடும். வயலினைப் போலவோ நாதஸ்வரத்தைப் போலவோ ஒரு ஸ்வரத்தை இழுத்து நிறுத்த இக்கருவியில் வழியில்லாததால், விரைந்து மீண்டும் மீண்டும் அடித்து ஒலியை நிலைநிறுத்துகிறோம். இதுவே ரோல்.

வழக்கமான ரோலில் வலக்கையும் இடக்கையும் மாறிமாறி அடிக்கின்றன. அதனால் ஒரு ஸ்வரத்தை நீட்டுவதற்கே இரண்டு கைகளும் செலவாகிவிடுகின்றன. ஒரே கையிலுள்ள இரண்டு மேலட்டுகளும் மாறிமாறி அடித்து அதே வேலையைச் செய்யுமானால், மறுகை விடுதலை பெறுகிறது. இடக்கை இரு ஸ்வரங்களை நீட்டி நிறுத்த, வலக்கை அதன்மேல் தன் போக்கில் மெட்டை வாசிக்கலாம். இரு கைகளும் தனித்தனியே ரோல் செய்து, ஒன்று வலுத்து எழும்போது மற்றொன்று அடங்கிப் போகவும் வைக்கலாம். வேகத்தைக் காட்டும் வித்தையாக இதைக் கருதுவோர் உண்டு. ஒரே வாசிப்பாளரிடமிருந்து இரண்டு குரல்கள் தனித்தனியே கேட்கக் கிடைப்பதுதான் இதன் உண்மையான பயன் என்பது என் கருத்து.

இந்த உத்தி எங்கிருந்து வந்தது?

ரோலும் ஒருவர் பல மேலட்டுகளைப் பிடிப்பதும் குவாத்தமாலாவிலும் தெற்கு மெக்சிகோவின் சியாபாஸ் பகுதியிலும் பல தலைமுறைகளாக வழங்கிவருபவை. அங்கே ஒரே மரிம்பாவின் முன் பலர் வரிசையாக நின்று வாசிப்பதால், நீண்ட ஸ்வரங்களை நிறுத்தும் பொறுப்பைத் தமக்குள் பகிர்ந்துகொள்ள முடிகிறது. தனி ஒருவரே மேடையில் அனைத்தையும் வாசிக்க வேண்டும் என்ற நிலை வந்தபோதுதான் ஒற்றைக்கை ரோலின் தேவை கூர்மையாயிற்று.

அமெரிக்காவில் கிளேர் ஓமர் மஸ்ஸர் 1930களில் நூறு பேர் கொண்ட மரிம்பாக் குழுக்களைத் திரட்டி நடத்தினார். மேலட்டுகள் உள்ளங்கையில் ஒன்றையொன்று குறுக்கிடாத ஒரு பிடியும் அவர் பெயரால் வழங்குகிறது. பால் கிரெஸ்டன் 1940இல் எழுதிய மரிம்பாக் கச்சேரிப் படைப்பின் நடுப்பகுதி நான்கு மேலட்டுகளைக் கோருகிறது. பின்னர் லீ ஹோவர்ட் ஸ்டீவன்ஸ், மஸ்ஸரின் பிடியை எடுத்துக்கொண்டு, கையை நிமிர்த்தி, உள் மேலட்டின் தாங்குமிடத்தை மாற்றி, அசைவுகளை வகைப்படுத்தி, 1979இல் ஒரு பயிற்சி நூலாக வெளியிட்டார். ஒற்றைக்கை ரோல் இன்று உலகெங்கும் கற்பிக்கப்படும் பாடமாக ஆனதில் அந்நூலுக்குப் பெரும் பங்குண்டு.

எந்தப் பிடியைக் கற்பது?

பரவலாக வழக்கில் உள்ளவை மூன்று. முதலாவது, மரபான குறுக்குப் பிடி. ஐந்து ஆக்டேவ் (ஸ்தாயி) மரிம்பாவின் வளர்ச்சியில் யமஹாவோடு இணைந்து உழைத்த ஜப்பானியக் கலைஞர் கெய்கோ அபே இவ்வகையைக் கையாள்பவர். இரண்டாவது, வைப்ரஃபோன் (உலோகக் கட்டைகள் கொண்ட கருவி) கலைஞர் கேரி பர்ட்டனின் பிடி. இதிலும் தண்டுகள் உள்ளங்கையில் குறுக்கிடும், ஆனால் எந்தத் தண்டு எதன்மேல் அமரும் என்பது மரபான பிடிக்கு நேர்மாறாக இருக்கும். மூன்றாவது, தண்டுகள் எங்குமே தொட்டுக்கொள்ளாத ஸ்டீவன்ஸ் பிடி.

மூன்றிலும் ஒற்றைக்கை ரோல் வாசிக்க முடியும். எனினும் குறுக்குப் பிடிகளில் இரண்டு தண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று அழுந்தி நிற்பதால், அவை ஒரே பொருளாக அசைய விரும்புகின்றன. இரு மேலட்டுகளும் ஒருசேர அடிக்கும் வலுவான கார்ட்களுக்கு (பல ஸ்வரங்கள் ஒருங்கே ஒலிப்பவை) இது பெரிய அனுகூலம். ஸ்டீவன்ஸ் பிடியில் ஒவ்வொரு மேலட்டுக்கும் தனித் தாங்குமிடம் இருப்பதால், ஒன்று அசைகையில் மற்றது அசையாமல் நிற்கப் பழக்குவது எளிது. ஒற்றைக்கை ரோலே முதன்மை நோக்கம் என்றால் ஸ்டீவன்ஸ் பிடியைத்தான் பரிந்துரைப்பேன், கீழே வரும் பதில்களும் அதையே அடிப்படையாகக் கொண்டவை. ஏற்கெனவே ஓர் ஆசிரியரிடம் பர்ட்டன் பிடியில் நன்கு தேறியவர், இந்த ஓர் உத்திக்காக அதைக் கைவிட வேண்டியதில்லை.

ஸ்டீவன்ஸ் பிடியில் கையை எப்படி அமைப்பது?

வெளி மேலட்டிலிருந்து தொடங்க வேண்டும். அதன் தண்டை நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையே செலுத்தி, மோதிரவிரலும் சுண்டுவிரலும் அதைச் சுற்றி மடியுமாறு பிடியுங்கள். தண்டின் நுனி சுண்டுவிரலுக்கு வெளியே சிறிதளவே நீண்டிருக்க வேண்டும். இந்த மேலட்டைத் தாங்கும் பொறுப்பு முழுவதும் இவ்விரு விரல்களுடையது. மற்ற விரல்கள் அதற்கு உதவ வந்தால், உள் மேலட்டின் சுதந்திரம் பறிபோகும்.

அடுத்து உள் மேலட். அதன் தண்டு, ஆள்காட்டி விரலின் நுனிக்கு அடுத்த கணுவின் பக்கவாட்டில் படிந்து நிற்க, கட்டைவிரல் மேலிருந்து மெல்ல வைக்கப்படுகிறது. தண்டின் அடிமுனை கட்டைவிரலின் அடிச்சதைக்குக் கீழே, உள்ளங்கைக்குள் அமர, நடுவிரலின் நுனி அதை அங்கே நிறுத்திவைக்கிறது. ஆள்காட்டி விரல் தாங்குமிடம், நடுவிரல் நங்கூரம், கட்டைவிரல் வழிகாட்டி என்று இம்மூன்றின் வேலைகளையும் பிரித்தறிந்தால் பிடி தானாகவே தெளிவாகும்.

இப்போது முன்கையைத் திருப்பி, கட்டைவிரலின் நகம் கூரையை நோக்கியும், இரு உள்ளங்கைகளும் ஒன்றையொன்று பார்த்தும் இருக்குமாறு நிறுத்துங்கள். புதிதாகப் பழகுபவர்கள் இரண்டு மேலட் வாசிப்பின் பழக்கத்தால் புறங்கையை மேல்நோக்கிக் கவிழ்க்கிறார்கள். கவிழ்த்த கையில் முன்கையின் சுழற்சி ஏறக்குறைய அதன் எல்லையில் போய் நின்றுவிடுவதால், ஒரு திசையில் மட்டுமே தாராளமாக அசைய முடியும். நிமிர்ந்த கையிலோ இருபுறமும் சமமான இடம் கிடைக்கிறது. ஒற்றைக்கை ரோலுக்கு அந்தச் சம இடமே அடிப்படை.

இடைவெளியை விரிக்கும்போது உள் மேலட் நழுவுகிறது. இன்னும் இறுக்கிப் பிடிக்கலாமா?

கூடாது. இறுக்கினால் மேலட் நிற்கும், ஆனால் முன்கை இறுகிவிடும், ரோல் நின்றுவிடும். ஸ்டீவன்ஸ் பிடியில் இடைவெளி விரிவது இரு தண்டுகளையும் விரல்களால் நெம்பித் தள்ளுவதால் அன்று. உள் மேலட்டின் தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உருட்டுகிறோம். அது உருளும்போது அடிமுனை உள்ளங்கையில் இடம் மாறுகிறது, நடுவிரல் அதைத் தொடர்ந்து செல்கிறது. பெரும்பாலும் நழுவலுக்குக் காரணம், நடுவிரல் தன் இடத்தைவிட்டு வெளி மேலட்டுக்கு உதவப் போயிருப்பதே. கருவியிலிருந்து விலகி நின்று, எதையும் அடிக்காமல், மிகக் குறுகிய இடைவெளியிலிருந்து ஓர் ஆக்டேவ் வரை விரித்து மீண்டும் மூடும் பயிற்சியை நாள்தோறும் மெதுவாகச் செய்துவந்தால் இந்தக் குறை நீங்கும்.

ரோலைத் தொடங்குமுன் எவற்றில் தேர்ச்சி வேண்டும்?

ஒரே கையின் ஒரு மேலட் மட்டும் திரும்பத் திரும்ப அடிக்க, மற்றது காற்றில் அசையாமல் நிற்கும் அடி முதலில் வர வேண்டும். இதில் அசையாத மேலட்டையே அச்சாகக் கொண்டு கை சுழல்கிறது. 4ஆம் மேலட்டால் அடிக்கும்போது 3ஆம் மேலட்டின் தலை ஆடுகிறதா என்று கண்ணால் பார்த்துத் திருத்துங்கள். காதால் இது தெரியாது. அதன்பின், இரு மேலட்டுகளும் மெதுவான தாளத்தில் மாறிமாறி அடிக்கும் பயிற்சி. ஒற்றைக்கை ரோல் என்பது இந்த இரண்டாவது பயிற்சி விரைவு கொண்ட நிலையே. இரு மேலட்டுகளும் ஒருசேர விழும் அடியும் இசைக்கு இன்றியமையாததுதான். ஆனால் அதை எவ்வளவு வேகமாக்கினாலும் ஒற்றைக்கை ரோல் கிடைக்காது.

அந்த அசைவு மணிக்கட்டிலிருந்து வருகிறதா, விரல்களிலிருந்தா?

இரண்டிலிருந்தும் அன்று, முன்கையின் சுழற்சியிலிருந்து வருகிறது. பூட்டில் சாவியை இப்பக்கமும் அப்பக்கமும் திருப்பும்போது கை எப்படி அசைகிறதோ, அதுவே இந்த ரோலின் முழு அசைவும். முன்கையின் இரண்டு எலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்று புரள, கையிலுள்ள இரு மேலட்டுகளும் தராசுத்தட்டுகள் ஏறி இறங்குகிற முறையில் ஒன்று கீழே வர மற்றது மேலே போகிறது. மணிக்கட்டு மேலும் கீழும் மடியத் தொடங்கினால் இரு மேலட்டுகளும் சேர்ந்தே இறங்கப் பார்க்கும். அப்போது ரோல் கலங்கிவிடும்.

மெதுவாக மாறிமாறி அடிக்கும்போது, சுழற்சியின் அச்சு ஒருமுறை இந்த மேலட்டுக்கும் அடுத்தமுறை அந்த மேலட்டுக்கும் மாறிக்கொண்டிருக்கும். வேகம் கூடக்கூட அப்படி மாற நேரம் இராது. அச்சு இரு தண்டுகளுக்கும் நடுவே வந்து நிலைகொள்ளும். இந்த மாற்றம் நிகழும் வேகத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மெதுவாகவும் வாசிக்க முடிகிறது, மிக வேகமாகவும் ஓரளவு முடிகிறது, நடு வேகத்தில் மட்டும் கை குழம்புகிறது என்பவர்களுக்கு நோய் இதுவே. நடு வேகத்தைத் தாண்டிக் குதிக்காமல், மெட்ரோனோமை (தாளத் துடிப்பைக் காட்டும் கருவி) சிறிது சிறிதாக உயர்த்தி, அந்தக் குழப்பமான பகுதியிலேயே கூடுதல் நேரம் செலவிட வேண்டும்.

ரோல் நொண்டுகிறது. ஒரு மேலட் பலமாகவும் மற்றது பலவீனமாகவும் விழுகிறது. என்ன செய்வது?

பெரும்பாலும் பலவீனமாக விழுவது வெளி மேலட். சுண்டுவிரல் பக்கம் வலுக் குறைந்தது என்பது அதற்கு ஒரு காரணம். கை மெல்லக் கவிழ்ந்து, வெளிப்பக்கச் சுழற்சிக்கு இடமில்லாமல் போயிருப்பது அதைவிட முக்கியமான காரணம். ஆகவே முதலில் கட்டைவிரல் நகம் மேல்நோக்கி உள்ளதா என்று பாருங்கள்.

அதன்பின் மூன்று பயிற்சிகளைச் செய்யலாம். முதலாவது, வெளி மேலட்டிலிருந்து தொடங்கி, அதற்கே அழுத்தம் கொடுத்து மெதுவாக மாறிமாறி அடிப்பது. இரண்டாவது, அடிகளை வேண்டுமென்றே நெடிலும் குறிலுமாக, அடுத்து குறிலும் நெடிலுமாக வாசிப்பது. நொண்டலை நம் விருப்பப்படி இருபுறமும் செய்ய முடிந்தால் அதை நீக்கவும் முடியும். மூன்றாவது, நான்கே அடிகளை முழு வேகத்தில் அடித்துவிட்டு நின்று கையைத் தளர்த்துவது. அது சமமாக வந்தபின் எட்டு அடிகள், பிறகு பதினாறு. மூன்றாவதே மிகுந்த பலன் தருவது என்று நினைக்கிறேன். நீண்ட ரோலில் ஒளிந்துகொள்ளும் குறை நான்கு அடிகளில் அப்பட்டமாகக் கேட்கும், இறுக்கம் ஏறுவதற்குள் கை ஓய்ந்தும்விடும்.

எவ்வளவு வேகம் போதும்?

மெட்ரோனோம் 120இல், ஒரு துடிப்புக்கு நான்கு அடிகள் என்றால் வினாடிக்கு எட்டு அடிகள். மென்மையான மேலட்டுகளோடு கீழ் ஸ்தாயியில் வாசிக்கும்போது, அந்த வேகத்திலேயே ஒலி இணைந்து கேட்கத் தொடங்கும். கீழ்க் கட்டைகள் நெடுநேரம் ஒலிப்பதால் அங்கே மிகை வேகம் முந்தைய அதிர்வை அடுத்த அடியே அடக்கி, ஒலியைக் கெடுத்துவிடும். மேலே செல்லச் செல்ல ஒலி விரைவில் அடங்குவதால் வேகம் கூட வேண்டும். ஒரே வேகத்தை எல்லா இடத்திலும் பயன்படுத்துவது தவறு. எந்த இடத்தில் அடிகள் தனித்தனியே கேட்காமல் ஒலி ஒழுகுகிறதோ அதுவே அந்த இடத்தின் சரியான வேகம்.

ஒலியை வலுப்படுத்த விரும்பும்போது வேகத்தை ஏற்றாதீர்கள், சுழற்சியின் அகலத்தை ஏற்றுங்கள். ரோலின் முதல் அடி மற்ற அடிகளைவிட உரக்க விழாமல் இருக்கவும் தனியே பழக வேண்டும்.

எந்த இடைவெளியில் தொடங்குவது? கட்டையின் எந்த இடத்தில் அடிப்பது?

கருவியின் நடுப்பகுதியில், கீழ் வரிசைக் கட்டைகளில், ஸ–ம அல்லது ஸ–ப இடைவெளியில் தொடங்குங்கள். கை இயல்பாக விரிந்து நிற்கும் அளவு ஏறக்குறைய அதுவே. அடுத்தடுத்த கட்டைகளில் மேலட் தலைகள் ஒன்றோடொன்று மோதப் பார்க்கும். ஆக்டேவில் சுழற்சியின் வீச்சு பெரிதாகிக் கை விரைவில் களைக்கும். கீழ் ஸ்தாயியின் கட்டைகள் அகலமானவை என்பதால், அதே ஆக்டேவ் அங்கே கையை இன்னும் அதிகம் விரிக்கச் செய்யும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கட்டையின் வழியே கயிறு செல்லும் இரண்டு இடங்களும், ஒவ்வொரு முனையிலிருந்தும் கட்டையின் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக உள்ளே அமைந்தவை. அடிப்படை அதிர்வு அங்கே அடங்கியிருப்பதால் அடி செத்து ஒலிக்கும். இரண்டு மேலட்டுகளில் ஒன்று கயிற்றுக்கு அருகிலும் மற்றது நடுவிலும் விழுந்தால், கை எவ்வளவு சமமாக அசைந்தாலும் ரோல் நொண்டுவதாகவே கேட்கும். நடுப்பகுதியிலோ, அதற்குச் சற்று விலகியோ இரண்டும் ஒரே கோட்டில் விழ வேண்டும். ஒரு மேலட் மேல் வரிசையிலும் மற்றது கீழ் வரிசையிலும் விழ வேண்டிய இடங்களில், முழங்கையை நகர்த்திக் கையின் கோணத்தை மாற்றுவதோடு, மேல் வரிசைக் கட்டையின் நம்மை நோக்கிய விளிம்பு முனையையும் பயன்படுத்திக்கொள்ளலாம். விளிம்பில் ஒலி சற்று மெல்லியதாக இருந்தாலும் கயிற்றின்மேல் அடிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

மறுகையைச் சேர்த்ததும் ரோல் குலைந்துவிடுகிறதே?

மறுகையின் தாளத்தோடு ரோலின் அடிகள் ஒட்டிக்கொள்ளப் பார்ப்பதே காரணம். முதலில் ஒட்டவே விடுங்கள்: இடக்கை துடிப்புக்கு நான்கு அடிகளாக மாறிமாறி அடிக்க, வலக்கை துடிப்பின் தொடக்கத்தில் மட்டும் ஒரு ஸ்வரம் வாசிக்கட்டும். பிறகு துடிப்புக்கு இரண்டு, அதன்பின் மூன்று என்று மாற்றுங்கள். நான்குக்கு எதிராக மூன்று நிம்மதியாக வந்துவிட்டால், ரோலை எண்ணிக்கையிலிருந்து விடுவித்து, தாளத்தோடு தொடர்பில்லாத தொடர் ஒலியாக ஓடவிட முடியும். வலக்கை மெட்டு உரக்கவும் இடக்கை ரோல் மெல்லவும் இருக்குமாறும், பின்பு நேர்மாறாகவும் வாசித்துப் பழகுவது கட்டாயம். ரோல் செய்யும் கை எப்போதும் உரக்கவே ஒலித்தால் இந்த உத்தியைக் கற்றும் பயனில்லை.

எந்த மேலட்டுகளை வாங்குவது?

நான்கும் ஒரே வகையாக, நூல் சுற்றிய நடுத்தர மென்மை கொண்டவையாக இருக்கட்டும். ஸ்டீவன்ஸ் பிடிக்கு வளையாத பிர்ச் மரத் தண்டு பொருந்தும். குறுக்குப் பிடிகளுக்குப் பிரம்புத் தண்டைப் பலர் விரும்புகிறார்கள். கடினமான தலை கொண்ட மேலட்டால் கீழ் ஸ்தாயியில் ரோல் செய்யாதீர்கள். அக்கட்டைகள் அடிப்புறம் குடையப்பட்டு நடுவில் மெலிந்தவை. ரோஸ்வுட் கட்டை ஒருமுறை சேதமானால் அதன் ஒலி திரும்பாது.

கொப்புளமும் வலியும் வருகின்றன. தொடரலாமா?

இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வெளி மேலட் உராயும் மோதிரவிரலின் உட்புறத்திலும் ஆள்காட்டி விரலின் பக்கத்திலும் தொடக்கத்தில் கொப்புளம் வருவது இயல்பு. ஓரிரு நாள் ஓய்வு கொடுத்தால் தோல் பழகிக்கொள்ளும். முன்கையில் தசை களைப்பதும் இயல்பே. ஆனால் மணிக்கட்டிலோ முழங்கையிலோ குத்தும் வலி, விரல்களில் மரத்துப்போதல், வாசிப்பை நிறுத்திய பின்னும் நீடிக்கும் வலி ஆகியவை தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலியைப் பொறுத்துக்கொண்டு பழகுவதால் வலிமை வராது. பயிற்சியைச் சில நிமிடங்கள் கொண்ட பகுதிகளாகப் பிரித்து, இடையிடையே மேலட்டுகளைக் கீழே வைத்துவிடுங்கள்.

வீட்டில் மரிம்பா இல்லை. பயிற்சி செய்ய முடியுமா?

பிடி, விரித்தல், சுழற்சி ஆகிய மூன்றையும் கருவி இல்லாமலேயே பழகலாம். இடுப்பு உயரமுள்ள மேசையில் மடித்த துண்டை விரித்து, இரண்டு கட்டைகளின் இடத்தைச் சாக்கட்டியால் குறித்துக்கொண்டால் போதும். துண்டு மேலட்டைத் திருப்பி எழுப்பாது என்பதால் கை கூடுதலாக உழைக்கும். ஆகவே அங்கே வேகத்தைத் தேடாமல் சமநிலையை மட்டும் தேடுங்கள். ஒலியின் நயத்தைக் கருவியில்தான் கற்க முடியும். கருவி கிடைக்கும் நேரம் குறைவாக இருந்தால், அதை மேலே சொன்ன வேகத் தேர்வுக்கும் மென்மை, உரப்புப் பயிற்சிக்கும் ஒதுக்குங்கள்.

மாண்டலின் ரோல் என்பதும் இதுவும் ஒன்றா?

இல்லை. அதில் ஒரு மேலட் கட்டையின் முனைக்கு மேலும், மற்றது அதே முனைக்குக் கீழும் இருக்க, கையை மேலும் கீழும் அசைத்து ஒரே ஸ்வரத்தை நீட்டுகிறோம். விரைவில் வந்துவிடும், ஆனால் ஒரு ஸ்வரத்துக்கே பயன்படும்.

எந்த இசையில் தொடங்கலாம்?

பிடி உறுதிப்படும்வரை, ரோல் அதிகம் இல்லாத எளிய நான்கு மேலட் படைப்புகளை எடுத்துக்கொள்ளலாம். மிட்செல் பீட்டர்ஸ் 1971இல் வெளியிட்ட ‘யெல்லோ ஆஃப்டர் தி ரெயின்’ இதற்காகவே மாணவர்களிடம் நெடுங்காலமாகப் புழங்கிவருகிறது. ரோலுக்கு இசையமைப்பாளர் பாக்கின் நான்கு குரல் கோரல்களைவிடச் (தேவாலயப் பாடல் அமைப்புகளைவிடச்) சிறந்தவற்றை நான் அறியேன். முதலில் இடக்கையால் கீழ் இரு குரல்களை மட்டும் ரோல் செய்து, கார்ட் மாறும் இடங்களில் ஒலி அறுபடாமல் அடுத்த இடைவெளிக்குக் கையை நகர்த்தப் பழகுங்கள். அடுத்து வலக்கையால் மேல் இரு குரல்களுக்கும் அதையே செய்யுங்கள். இரண்டையும் இணைக்கும்போது கைகள் இரண்டும் ஒரே கணத்தில் இடம் மாறாமல், ஒரு கை மாறும்போது மறுகையின் ரோல் ஒலியைத் தாங்கி நிற்குமாறு, மிகச் சிறிய கால இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக மாறச் செய்யலாம். இந்த ஓர் ஏற்பாட்டால் கார்ட்களுக்கு இடையே வழக்கமாக விழும் வெற்றிடம் மறைந்து, நான்கு குரல்களும் தொடர்ந்து ஒலிக்கும்.